தூங்கத் தெரிந்த கேமரா

கொடைரோடு பக்கம் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமிலோ வீட்டு வாசலிலோ வயர் இல்லாத கேமரா ஒன்றை மாட்டிப் பாருங்கள். கோடை வந்ததும் சார்ஜ் நிற்கவில்லை என்ற புகார் கிளம்பும். பேட்டரியைப் பழிப்பதற்கு முன் கேமரா எப்படிக் காவல் காக்கிறது என்று பார்த்துவிடலாம்.

அது பெரும்பாலான நேரம் தூங்குகிறது. முகப்பில் புடைத்திருக்கும் வெள்ளைக் குமிழுக்குப் பின்னே ஒரு சின்ன சென்சார் மட்டும் விழித்திருக்கும். நாமும் மாடும் உடல் சூட்டால் ஓயாமல் அகச்சிவப்புக் கதிர்களை வீசுகிறோம். அவை பட்டு, சென்சாருக்குள் இருக்கும் பொருளின் சூடு துளி மாறினாலும் அதில் மின்னேற்றம் தோன்றும். இந்த விந்தையை ஐரோப்பாவுக்குக் காட்டியதே நம் அண்டைத் தீவுதான். இலங்கையிலிருந்து டச்சு வணிகர்கள் கொண்டுபோன டூர்மலின் கல், சூடுபட்டால் சாம்பலை இழுத்தது. அது மின்சாரத்தின் வேலை என்று 1756-இல் இயற்பியலாளர் ஏபினஸ் விளக்கினார்.

சென்சாருக்குச் சில பத்து மைக்ரோ ஆம்பியர் போதும். 50 என்றே வைத்துக்கொள்வோம். 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி, கணக்குப்படி 11 ஆண்டு தாங்கும். கேமரா விழித்துப் படம் பிடித்து வைஃபையில் அனுப்புகையில் 300 மில்லி ஆம்பியர் இழுத்தால், அதே பேட்டரி 17 மணி நேரத்தில் காலி. ரூட்டர் தொலைவில் இருந்தால் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பி இன்னும் சீக்கிரம் தீர்த்துவிடும்.

நம் ஊர் வெயில் விளையாடுவது இங்கேதான். சென்சாருக்குத் தெரிவதெல்லாம் ஆளுக்கும் பின்னணிக்கும் உள்ள சூட்டு வித்தியாசம். நம் தோலின் சூடு சுமார் 33, 34 டிகிரி. மே மாத மதியத்தில் சுவரும் அதே சூட்டுக்கு வந்துவிட்டால், எதிரே நடப்பவர் சென்சாருக்குத் தெரியவே மாட்டார். ‘பகலில் ஆள் வந்தும் பிடிக்கவில்லையே’ என்று சென்சிட்டிவிட்டியை ஏற்றி வைப்போம். இரவில் சுவர் குளிர்ந்ததும் நாயும் மாடும் நான்குவழிச் சாலை லாரியும் கேமராவை எழுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் இருட்டுக்கான விளக்குகளும் சேர்ந்து எரியும். மதியத்துக்காக ஏற்றியதற்கு இரவு முழுக்கச் சார்ஜ் போகிறது.

சென்சிட்டிவிட்டியைத் தொடாமல் கேமராவின் கோணத்தை மாற்றுவதே சரியான வழி என்பேன். சென்சாரில் எதிரெதிராக இணைத்த இரு பகுதிகள் உண்டு. குறுக்கே நடப்பவர் ஒன்றை அடுத்து ஒன்றைக் கடப்பதால் மின்துடிப்பு பலமாக எழும். நேராக வருபவரின் கதிர் இரண்டிலும் ஒரே சமயம் விழுவதால் துடிப்பு கிட்டத்தட்ட கழிந்துவிடும். ஆகவே பாதையைக் குறுக்காகப் பார்க்கும்படி மாட்டி, ரோடு கண்ணில் படாதவாறு சற்றே கீழே சாய்த்துவிடுங்கள்.

சார்ஜ் ஏற்ற சோலார் தகடு வைத்திருந்தால், தகடு வெயிலில் இருக்கட்டும், கேமரா நிழலில் இருக்கட்டும். லித்தியம் பேட்டரி 45 டிகிரியைத் தாண்டிய சூட்டில் சார்ஜ் ஏறினால் சீக்கிரம் கெடும். தகட்டைச் செங்குத்தாக நிறுத்தவும் வேண்டாம். கொடைரோடு நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 10 டிகிரி வடக்கே இருக்கிறது. படுக்கை நிலையிலிருந்து தெற்குப் பார்த்து அவ்வளவு சாய்த்தாலே ஆண்டு முழுக்க நல்ல வெயில் விழும்.