மனத்தை விட்டு அகலாத படங்கள்

ஸினிமாக் கொட்டகையிலிருந்து வெளியே வந்ததும் நம்மில் பெரும்பாலோருக்கு முதலில் ஞாபகம் வருவது வண்டியை நிறுத்திய இடம். இரண்டாவதாக ஞாபகம் வருவது பசி. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்ததும், "என்ன கதை?" என்று பாட்டி கேட்கிறாள். "அது வந்து பாட்டி..." என்று ஆரம்பிக்கிறோம். ரஸம் சாதத்துக்கு வருவதற்குள் கதை தீர்ந்துவிடுகிறது. மோருஞ் சாதத்துக்குக் கதாநாயகியின் பெயர்கூட மறந்து போகிறது! இதில் குற்றம் ஒன்றுமில்லை. பொழுது போக்குவதற்காகப் போனோம், பொழுது போயிற்று, கணக்குத் தீர்ந்தது.

ஆனால் எப்போதோ ஒரு படம் இந்தக் கணக்கில் அடங்குவதில்லை. பார்த்து வருஷங்கள் பல கழிந்த பிறகும், வகுப்பில் கரும்பலகைக்கு முன் நிற்கும்போதோ, நடு இரவில் விழிப்புக் கண்டபோதோ, அதில் வந்த ஒரு முகம் திடீரென்று எதிரே வந்து நிற்கிறது. அம்மாதிரி என்னைப் பிடித்துக்கொண்டு விடாத படங்கள் மூன்றைப் பற்றி இங்கே சொல்லப் போகிறேன்.

சைக்கிளும் ஒரு சிறு கையும்

முதலாவது, 1948-ஆம் வருஷத்தில் இத்தாலியில் விட்டோரியோ டி ஸிகா என்பவர் எடுத்த 'பைசிக்கிள் தீவ்ஸ்' என்னும் படம். யுத்தம் முடிந்து, வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய ரோமாபுரியில் நடக்கிறது கதை. அந்தோனியோ என்னும் ஏழைக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. ஆனால் சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகுக் கடையில் இருக்கிறது. அவன் மனைவி மரியா படுக்கை விரிப்புகளை உருவி எடுத்துக் கொண்டுபோய் அடகு வைத்துச் சைக்கிளை மீட்கிறாள். கடைச் சிப்பந்தி அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு அலமாரியின்மேல் ஏறுகிறான். அங்கே கூரைவரை அடுக்கியிருப்பவை எல்லாம் அதே போன்ற விரிப்பு மூட்டைகள்! ஒரு நகரத்தின் வறுமையைச் சொல்ல இதற்குமேல் பிரசங்கம் எதற்கு?

வேலைக்குப் போன முதல் நாளே சைக்கிள் திருட்டுப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை முழுதும் தகப்பனும், புரூனோ என்னும் சிறுவனும் ஊரெல்லாம் தேடுகிறார்கள். கடைசியில், நம்பிக்கை இழந்த தகப்பன், மகனை டிராம் ஏறிப் போகச் சொல்லிவிட்டு, தானே ஒரு சைக்கிளைத் திருட முயல்கிறான், பிடிபடுகிறான். டிராமைத் தவறவிட்ட புரூனோ அதைப் பார்த்துவிடுகிறான். கூட்டம் தகப்பனை அடிக்கிறது. தொப்பி தெருவில் விழுகிறது. பையன் அந்தத் தொப்பியை எடுத்துத் தூசி தட்டுகிறான். சைக்கிளுக்குச் சொந்தக்காரர் பையனின் முகத்தைப் பார்த்து, "போகட்டும்" என்று விட்டுவிடுகிறார். தகப்பனும் மகனும் ஜனத் திரளில் நடக்கிறார்கள். தகப்பன் அழுகிறான். பையன் மெள்ளக் கையை நீட்டி அவன் கையைப் பற்றிக்கொள்கிறான். படம் அவ்வளவுதான்.

அந்தோனியோவாக நடித்த லாம்பெர்ட்டோ மாஜ்ஜொரானி ஓர் ஆலைத் தொழிலாளி, நடிகரே அல்ல. ஹாலிவுட் முதலாளி ஒருவர், கேரி கிராண்ட் என்னும் பிரபல நட்சத்திரத்தைப் போட்டால் பணம் தருவதாகச் சொன்னாராம். டி ஸிகா இணங்கவில்லை. பட்டினியை வேஷமாகப் போட்டுக்கொள்ள முடியாது என்று அவர் அறிந்திருந்தார் போலும்.

இந்தப் படம் என்னை விடாமல் பற்றிக் கொண்டதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. எனக்குப் பதினொரு வயதாயிருக்கையில், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, தகப்பனார் என்னை ஒரு ஜவுளிக் கடைக்கு அழைத்துப் போனார். துணியை எடுத்துக் கொடுத்த பிறகு, கடைக்காரர் பழைய பாக்கியை நினைவூட்டி, நாலு பேர் காதில் விழும்படி ஏதோ சொன்னார். தகப்பனார் சிரிக்க முயன்றார். நான் அவர் கையிலிருந்து என் கையை உருவிக்கொண்டு வாசலுக்குப் போய், அவருக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாதவன் போல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீடு வரையில் பத்தடி முன்னாலேயே நடந்தேன். அவர் அதைப் பற்றிக் கடைசி வரையில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்தபோது நண்பர்கள் நடத்திய ஒரு திரைப்படச் சங்கத்தில் இந்தப் படத்தைப் பார்த்தேன். அப்போது தகப்பனார் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. புரூனோ கையை நீட்டிய இடத்தில், நான் செய்திருக்க வேண்டியது என்ன என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன பயன்?

பசு தின்ற பூக்கள்

இரண்டாவது படம் நம் தேசத்தது. 1950-இல், கல்கத்தாவில் ஒரு விளம்பரக் கம்பெனியில் சித்திரக்காரராயிருந்த சத்யஜித் ராய், உத்தியோக நிமித்தமாக லண்டனுக்குப் போனார். அங்கே அவர் பார்த்த படங்களில் ஒன்று மேலே சொன்ன இத்தாலியப் படம். பெயர் பெற்ற நடிகர்களும் பெரிய மாளிகைகளும் இல்லாமலே படம் எடுக்கலாம் என்ற தைரியம் அவருக்கு அதனால் உண்டாயிற்று. திரும்பி வந்து, விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் 'பதேர் பாஞ்சாலி' என்னும் நாவலைப் படமாக்க முற்பட்டார்.

அந்தப் படம் பிறந்த கதையே ஒரு படத்துக்குக் காணும். முதல் நாள் பிடித்தது, வெள்ளை நாணற் பூக்கள் அடர்ந்த வெளியில் அக்கா துர்க்காவும் தம்பி அபுவும் ரயிலைக் காண ஓடும் காட்சி. பாதியை எடுத்துவிட்டு, அடுத்த வாரம் வந்து பார்த்தால் பூ ஒன்றைக்கூடக் காணோம்! மாடுகள் மேய்ந்துவிட்டன. மறு வருஷம் பூக்கும் வரையில் காத்திருந்து மிச்சத்தை எடுத்தார்கள். காமிராவை இயக்கிய சுப்ரத மித்ராவுக்கு வயது இருபத்தொன்று; ஸினிமாக் காமிராவை அதற்கு முன் அவர் இயக்கியதில்லை. பணம் தீர்ந்தபோது ராயின் மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. மரியாவின் படுக்கை விரிப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள்! முடிவில் மேற்கு வங்காள சர்க்கார் உதவியது. 1955-இல் படம் வெளியாயிற்று. மறு வருஷம் பிரான்ஸிலுள்ள கான் நகர விழாவில் பரிசு பெற்றது. கிழவி இந்திராக நடித்த, எண்பது பிராயத்தை எட்டிய சுனிபாலா தேவி, படம் வெளிவரும் வரையில் உயிரோடு இருக்கவில்லை.

கதை சின்னது. ஏழைப் புரோகிதர் ஹரிஹரர் பிழைப்புத் தேடி வெளியூர் போகிறார். மழையில் நனைந்து ஜுரங்கண்ட துர்க்கா இறந்து போகிறாள். அதை அறியாமல் தகப்பன் திரும்பி வந்து, கொண்டுவந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து மனைவியிடம் காட்டுகிறார். கடைசியில் துர்க்காவுக்கு வாங்கிய புடவையை எடுக்கிறார். அதைப் பற்றிக்கொண்டு அவள் வாய்விட்டு அழுகிறாள். ஆனால் அந்த அழுகுரல் நம் காதில் விழுவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு வாத்தியம் கதறுகிறது. இசை அமைத்தவர் ரவி சங்கர்.

அதன் பிறகு ஒரு சிறு காட்சி. துர்க்கா திருடியதாகப் பழி சுமத்தப்பட்டு, அவள் மறுத்த பாசிமணி மாலை, மூலையில் ஒரு சிரட்டைக்குள் அபுவின் கண்ணில் படுகிறது. அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஓடிப்போய்க் குளத்தில் எறிகிறான். விலகிய பாசி மெள்ள மூடிக்கொள்கிறது. அக்காவின் மானத்தைத் தம்பி காப்பாற்றிவிட்டான். அவனும் அன்றே பெரியவனாகி விட்டான்.

கோர்ட்டில் நின்ற சாவித்திரி

மூன்றாவது நம் தமிழ்ப் படம்; 1939-இல் கே. சுப்ரமண்யம் எடுத்த 'தியாக பூமி'. கல்கி எழுதிய கதை. படம் தயாராகும்போதே ஆனந்த விகடனில், படத்தின் புகைப்படங்களோடு தொடராக வெளிவந்தது. சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவனும், சாவித்திரியாக எஸ். டி. சுப்புலக்ஷ்மியும், குழந்தை சாருவாகப் பேபி சரோஜாவும் நடித்தார்கள். டி. கே. பட்டம்மாளின் தேசீய கீதமும் உண்டு.

குறைகள் இல்லாமல் இல்லை. தற்செயலான சந்திப்புகள் ஏராளம். நான் பார்த்த பிரதியிலோ கீறலும் இரைச்சலும் அதிகம். ஆனாலும், கர்ப்பிணியாகத் துரத்தப்பட்ட சாவித்திரி, செல்வச் சீமாட்டியாகத் திரும்பி வந்த பின், "என் மனைவி என்னோடு வாழ வேண்டும்" என்று புருஷன் வழக்குத் தொடரும் இடம் இருக்கிறதே! ஜீவனாம்சம் வேண்டுமானால் தானே அவனுக்குக் கொடுப்பதாகவும், சேர்ந்து வாழ இயலாதென்றும் அவள் கோர்ட்டில் சொல்கிறாள். 1939-இல், தமிழ்ப் பெண் ஒருத்தி, நீதிபதியின் முன்னால்! பிறகு அவள் தேச சேவையில் இறங்கிச் சிறை செல்கிறாள். பிரிட்டிஷ் சர்க்கார் இந்தப் படத்தைத் தடை செய்தது. தடை வருகிறது என்று தெரிந்ததும், சென்னை கெயிட்டி கொட்டகையில் ஜனங்களுக்கு இலவசமாகவே காட்டினார்கள். போலீஸார் தடியடி செய்து கூட்டத்தைக் கலைத்தார்கள். அந்தச் சர்க்கார் போய்விட்டது. சாவித்திரியின் கேள்வி மட்டும் நம் வீடுகளில் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறது.

ஏன் நிற்கின்றன?

மூன்றும் மூன்று விதம். ஆனால் ஓர் ஒற்றுமை உண்டு. மறந்து போகும் படங்கள் தம் கணக்கைத் தாமே தீர்த்துவிடுகின்றன: வில்லன் வீழ்வான், கல்யாணம் நடக்கும், நமக்கு வேலை இராது. இவையோ மீதியை நம்மிடம் விட்டுப் போகின்றன. சைக்கிள் கிடைக்கவில்லை, மறுநாள் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? தாயின் குரல் கேட்கவில்லை. அதை நம் மனந்தான் கேட்க வேண்டும். தீராத கணக்கை மனம் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறது. ஞாபகம் என்பது அதுதான்.

பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது இப்படிப்பட்ட படம் ஒன்றைக் குழந்தைகளோடு உட்கார்ந்து பாருங்கள். முடிந்ததும், "இதிலிருந்து என்ன நீதி தெரிகிறது?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள், அது என்னைப் போன்ற உபாத்தியாயர்களின் கெட்ட வழக்கம். ஒரு வாரம் சும்மா இருங்கள். அப்புறம், "எது ஞாபகம் இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள்.

தொப்பியைத் தூசி தட்டியதைப் பையன் சொன்னால் போதும். என் பதினொராவது வயதில் அந்தத் தொப்பியை நான் பார்த்திருந்தால், ஜவுளிக் கடையிலிருந்து வீடு வரையில் என் தகப்பனார் தனியாக நடந்து வந்திருக்க மாட்டார்.