காத்திருக்கும் நேரமே வகுப்பறை

நீரிழிவுக்காக அரசு மருத்துவமனைக்கு வருவோர் பெரும்பாலும் காலையில் வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் கொடுக்கிறார்கள். சிற்றுண்டி உண்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து மறுமுறையும் கொடுக்கிறார்கள். தஞ்சாவூரானாலும் கும்பகோணமானாலும் மன்னார்குடியானாலும் இந்த நடைமுறையே. இடைப்பட்ட இரண்டு மணி நேரம் மரத்தடியிலும் தாழ்வாரத்திலும் வீணாகக் கழிகிறது. நீரிழிவுச் சிகிச்சையில் நாம் பயன்படுத்தாமல் விட்டிருக்கும் பெருவளம் அந்த நேரம்தான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவில் நடந்து, 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவும், 13.6 கோடி பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. தமிழகத்தில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும் அது கூறியது.

காவிரிப் படுகைக்கு இதில் தனிக் கவலை உண்டு. இங்கு மூன்று வேளையும் ஏதோ ஒரு வடிவில் அரிசிதான் உணவு. முன்பு அந்தச் சோற்றை எரித்துவிட உழவும் நடவும் அறுவடையும் இருந்தன. இன்று டிராக்டரும் நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்துவிட்டன. உழைப்பு குறைந்தது, தட்டில் விழும் சோற்றின் அளவு குறையவில்லை. 21 நாடுகளில் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான ஆய்வொன்று, வெள்ளை அரிசி மிகுதியாக உண்பதற்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு தெற்காசியாவில்தான் வலுவாகக் காணப்படுவதைச் சுட்டிக்காட்டியது.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு சேர்க்கிறது. பாராட்டத்தக்க முயற்சி இது. ஆனால் மாத்திரை சென்ற வீட்டுக்கு அதைப் பற்றிய அறிவும் சென்றதா என்பதே கேள்வி. ஒரு நோயாளி மாதம் பத்து நிமிடம் மருத்துவரிடம் பேசுவதாகக் கொண்டாலும், ஆண்டுக்கு இரண்டு மணி நேரம்தான் ஆகிறது. எஞ்சிய 8,758 மணி நேரமும் தம் நோயைத் தாமே மேலாண்மை செய்ய வேண்டியவர் அவர். இன்ன பயிற்சி என்று எதுவும் அளிக்காமல் அந்தப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

கற்பிக்க வேண்டியவை கடினமானவை அல்ல. விடியற்காலையில் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் நடவுக்கு இறங்கும் பெண்ணுக்குத் திடீரென வியர்த்துக் கை நடுங்கினால், அது வெயில் மயக்கமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை; ரத்தச் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் குடித்தால் ஆபத்து விலகும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உணர்ச்சி மரத்த பாதத்தில் அறுத்த நெல்தாள் கிழித்தாலும் வலிக்காது. ஆகவே வயலிலிருந்து திரும்பியதும் காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குவரை பார்க்க வேண்டும். காலை இழப்பதும் காப்பதும் பெரும்பாலும் இந்த ஐந்து நிமிடப் பழக்கத்தில் இருக்கிறது.

தவறான நம்பிக்கைகளையும் அங்கேயே களையலாம். வெல்லமும் கருப்பட்டியும் தேனும் ரத்தச் சர்க்கரையை உயர்த்தவே செய்யும். மாப்பிள்ளைச் சம்பாவைத் தவிட்டோடு உண்டால் நார்ச்சத்து கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் குவித்து உண்டால் அதுவும் மாவுச்சத்துதான். சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தைக் காயும் கீரையும் பருப்பும் நிரப்பட்டும் என்பதே பாடம். சமைப்பவரும் உடன் வந்து கேட்டால்தான் அது அடுப்படியை எட்டும்.

இதனால் பயன் உண்டா? குழுவாக அமர்த்திக் கற்பிப்பதைப் பற்றிய 11 ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, ஓராண்டுக்குப் பின் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் அளவு 0.8 சதவீதப் புள்ளி குறைந்திருந்ததாகக் கூறுகிறது. சென்னையில் மருத்துவர் அ.ராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேர் மூன்றாண்டுகளில் நோயாளிகளாயினர். உணவும் உடற்பயிற்சியும் தொடர்ந்து கற்பிக்கப்பட்டவர்களில் அது 39.3 சதவீதமே. அறிவுரையை ஒருமுறை சொல்வதற்கும் தொடர்ந்து கற்பிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

பொருளியலில் ‘வாய்ப்புச் செலவு’ என்றொரு கருத்து உண்டு. கூலித் தொழிலாளி வகுப்புக்கெனத் தனியாக ஒருநாள் வந்தால், அதன் விலை அவருடைய ஒருநாள் கூலி. இலவச வகுப்புக்கும் ஆள் வராததற்கு இதுவே காரணம். ஏற்கெனவே காத்திருக்கும் இரண்டு மணி நேரத்தில் நடத்தினால் அந்தச் செலவு ஏறக்குறைய இல்லை. பயிற்சி பெற்ற ஒரு செவிலியர், பதினைந்து பேர், நான்கு வருகைகளில் நான்கு பாடங்கள். எழுத்தறியாதோருக்கும் புரிய அரிசி, படி, தட்டு, சில படங்கள் போதும். மறுபுறம், ஒரு கால் அகற்றப்பட்டால் மருத்துவச் செலவுடன் அந்தக் குடும்பத்தின் வருவாயும் நின்றுபோகிறது. சிறுநீரகம் பழுதானால் டயாலிசிஸ் வாழ்நாள் சுமையாகிறது.

தொற்றா நோய்ப் பிரிவுகளில் செவிலியருக்குக் கற்பித்தலையும் ஒரு கடமையாக வரையறுத்து, அதற்குரிய நேரத்தையும் பணியிடத்தையும் அரசு ஒதுக்க வேண்டும். எத்தனை மாத்திரைகள் வழங்கப்பட்டன என்று கணக்கிடுவதைப் போலவே, எத்தனை பேர் நான்கு பாடங்களையும் முடித்தனர் என்பதும் மாவட்டந்தோறும் கணக்கிடப்பட வேண்டும். தஞ்சை மாவட்டத்திலேயே இதைத் தொடங்கலாம்.