மயிரிழை தவறினால் பஸ் தள்ளாடும்! துளைக்கு அளவு கொடுக்கும் அற்புதக் கருவி

வளையல் வாங்கும் பெண்கள் அளவு பார்க்காமல் வாங்க மாட்டார்கள். சிறியதாக இருந்தால் கையில் ஏறாது. பெரியதாக இருந்தால் கழன்று விழும்.

எந்திரங்களுக்கும் இதே கதைதான். ஒரு துளை, அதற்குள் ஒரு தண்டு. துளை இறுகினால் தண்டு சுழலாது. துளை தளர்ந்தால் தண்டு ஆடும்.

வளையல் கழன்றால் வளையலோடு போயிற்று. எந்திரத்தில் துளை தளர்ந்தால் மனித உயிருக்கே ஆபத்து வரலாம்.

பஸ்சின் முன் சக்கரத்தைப் பாருங்கள். டிரைவர் ஸ்டீரிங்கைத் திருப்பினால், சக்கரமும் திரும்புகிறது. கதவு திரும்பக் கீல் இருக்கிறது அல்லவா? அதுபோலச் சக்கரம் திரும்பவும் ஒரு கீல் வேண்டும்.

பஸ், லாரிகளில் அந்தக் கீலாக நிற்பது ஒரு தடித்த எஃகுத் தண்டு. அதன் பெயர் "கிங் பின்". அதைச் சுற்றி மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு உலோகக் குழல்கள் இருக்கும். அவற்றுக்குப் பெயர் "புஷ்".

புஷ்சின் துளை இறுகினால் ஸ்டீரிங் கனக்கும். வளைவு தாண்டிய பிறகும் சக்கரம் எளிதில் நேராகாது. துளை தளர்ந்தாலோ சக்கரம் தள்ளாடும். டயர் கன்னாபின்னா என்று தேயும். வேகத்தில் ஸ்டீரிங் கை கொள்ளாமல் உதறும்.

இறுக்கத்துக்கும் தளர்ச்சிக்கும் நடுவே உள்ள வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? ஒரு மயிரிழைதான்! மனிதனின் தலைமயிர் ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர் கனம். அதற்கும் குறைவான அளவில் துளையைச் சரிசெய்ய வேண்டும்.

அதைச் செய்யும் கருவிதான் ரீமர்.

துளைக்காகக் காத்திருந்த எந்திரம்

ஒரு நல்ல துளை கிடைக்காமல் உலகப் புகழ் பெற்ற ஓர் எந்திரமே காத்துக் கிடந்தது என்றால் நம்புவீர்களா?

நீராவி எந்திரத்தைச் சீர்திருத்தி அமைத்தவர் ஜேம்ஸ் வாட். ஸ்காட்லாந்து நாட்டுக்காரர். 1769-ல் தம் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அது வெற்றிகரமாக வேலைக்கு வந்தது 1776-ல்தான். நடுவே ஏழு ஆண்டுகள்!

பணத் தட்டுப்பாடு ஒரு காரணம். துளை மற்றொரு காரணம்.

நீராவி எந்திரத்தின் சிலிண்டர் என்பது ஒரு பெரிய துளைதான். அதற்குள் பிஸ்டன் ஏறி இறங்கும். வாட் செய்த முதல் சிலிண்டர் சரியான வட்டமாக அமையவில்லை. சந்து வழியே நீராவி கசிந்தது. எண்ணெய்த் துணி, தக்கை, பழைய தொப்பி என்று எதையெதையோ வைத்து அடைத்துப் பார்த்தார். பயன் இல்லை.

அந்தச் சமயத்தில் கைகொடுத்தவர் ஜான் வில்கின்சன். இவர் இங்கிலாந்தில் இரும்பு ஆலை நடத்தியவர். பீரங்கிக் குழாய் குடைவதில் கெட்டிக்காரர். அதற்காக 1774-ல் ஒரு காப்புரிமையும் பெற்றிருந்தார்.

அதற்கு முன்பெல்லாம் சிலிண்டரைக் குடையும் கத்தியை ஒரு நீண்ட தண்டின் நுனியில் மாட்டுவார்கள். தண்டின் ஒரு முனையில்தான் பிடிமானம். மறு முனை சிலிண்டருக்குள் தொங்கும். வார்ப்பில் மேடு பள்ளம் இருந்தால், கத்தியும் அதன் போக்கிலேயே போகும்.

வில்கின்சன் தண்டைச் சிலிண்டரின் வழியாக மறுபக்கம் கொண்டுவந்தார். இரண்டு முனைகளையும் இறுக்கமாகத் தாங்கவைத்தார். அப்புறம் கத்தி அசைய முடியுமா?

50 அங்குல அகலமுள்ள சிலிண்டர் ஒன்றை அவர் குடைந்து கொடுத்தார். நாலடிக்கும் அதிகமான அகலம்! ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனம்கூட அதில் பிசகு இல்லை என்று வாட்டின் பங்காளி மாத்யூ போல்ட்டன் வியந்து எழுதினார். 1776 மார்ச்சில் டிப்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில், புளூம்பீல்டு நிலக்கரிச் சுரங்கத்தில் வாட்டின் எந்திரம் ஓடத் தொடங்கியது.

பெரிய துளைக்கு வழி பிறந்தது. ஒரு நாணயத்தின் கனம் பிசகினாலும் பிஸ்டனைச் சுற்றி அடைப்பு வைத்துச் சமாளிக்கலாம். ஆனால் விரல் பருமன் உள்ள சின்னத் துளையில் அந்தச் சலுகை கிடையாது.

டிரில் செய்யும் கோளாறு

"துளை போடத்தான் டிரில் இருக்கிறதே! ரீமர் எதற்கு?" என்று கேட்கலாம்.

முறுக்கு டிரில்லுக்கு அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் என்பவர் 1863-ல் காப்புரிமை பெற்றார். இன்று உலகமெங்கும் அதுதான் துளை போடுகிறது. சீக்கிரம் துளைக்கும். ஆனால் சுத்தமாகத் துளைக்காது.

டிரில்லின் மூக்கில் இரண்டு வெட்டு முனைகள் உண்டு. சாணை பிடிக்கும்போது ஒன்று சற்று நீண்டுவிட்டால் போதும். துளை டிரில்லைவிடப் பெரிதாகிவிடும். 20 மில்லிமீட்டர் டிரில் 20.1 என்றோ 20.2 என்றோ துளைத்துவிடும். துளையின் சுவரும் சொரசொரப்பாக இருக்கும். கூர்ந்து பார்த்தால் வட்டமும் முழு வட்டமாக இராது.

ஆகவே, முதலில் சற்றுச் சிறிய துளையாகப் போடுவார்கள். மீதியைச் சீவி எடுக்க ரீமரை விடுவார்கள்.

ரீமர் ஒரு எஃகுத் தண்டு. அதன் உடம்பில் நீளவாட்டில் பல வெட்டுப் பற்கள் இருக்கும். டிரில் கோடரி என்றால் ரீமர் இழைப்புளி. கோடரி மரத்தைப் பிளக்கும். இழைப்புளி மெல்லிய சுருளாகச் சீவும். ரீமர் துளையின் சுவரை அப்படித்தான் சீவுகிறது.

ஒரே அளவு போதாது

சாதாரண ரீமர் ஒரே அளவில் செய்யப்பட்டது. 20 மில்லிமீட்டர் ரீமர் 20 மில்லிமீட்டர் துளைதான் போடும். ஒரே பொருளை ஆயிரக்கணக்கில் செய்யும் தொழிற்சாலைக்கு இது சரி.

பழுது பார்க்கும் பட்டறையின் நிலைமை வேறு. இன்று வரும் பின் ஒரு அளவு. நாளை வரும் பின் மயிரிழை பெரிது. தேய்ந்துபோன துளையைப் பெரிதாக்கிப் பெரிய பின் போட வேண்டியதும் வரும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. புஷ்சை அதன் இடத்தில் அழுத்தி ஏற்றும்போது வெளிப்பக்கம் நெருக்கப்படுகிறது. உடனே உள்துளை சுருங்குகிறது. எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டி மயிரிழை பிசகாமல் சொல்ல முடியாது. ஏற்றிய பிறகுதான் அளவுக்குச் சீவ வேண்டும்.

ஒவ்வொரு அளவுக்கும் ஒரு ரீமர் வாங்கினால் பட்டறைக்காரர் போண்டிதான்! வாங்கி வைத்தாலும், பல் தேய்ந்து சாணை பிடித்தவுடன் அளவு குறைந்துவிடும். அப்புறம் அந்த ரீமர் அந்த அளவுக்கு உதவாது.

இந்தத் தொல்லையைத் தீர்க்கப் பிறந்ததுதான் கூட்டிக் குறைக்கும் ரீமர்.

ஆப்பு சொல்லும் இரகசியம்

வீட்டில் பீரோ ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் என்ன செய்கிறோம்? காலடியில் ஒரு ஆப்பைத் தள்ளுகிறோம். ஆப்பு ஒரு விரற்கடை உள்ளே போனால், பீரோ ஒரு நூல்தான் உயரும். பெரிய நகர்த்தல்; சிறிய உயர்வு!

கூட்டிக் குறைக்கும் ரீமரின் இரகசியம் இதுதான்.

இதில் பற்கள் உடம்போடு ஒட்டியவை அல்ல. தனித்தனிப் பிளேடுகள். ரீமரின் உடம்பில் நீளமாகப் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். பள்ளத்தின் அடித்தளம் சமமாக இராது. ஒரு முனையில் ஆழம். மறு முனையில் மேடு. அந்தச் சரிவில் பிளேடு உட்கார்ந்திருக்கும்.

பிளேடுகளின் முன்னால் ஒரு நட்டு. பின்னால் ஒரு நட்டு. ஒன்றைத் தளர்த்தி மற்றொன்றை முடுக்கினால், எல்லாப் பிளேடுகளும் ஒரே நேரத்தில் சரிவில் ஏறும். ரீமர் பருக்கும். மாற்றித் திருகினால் இளைக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 மில்லிமீட்டர் தூரத்துக்கு 1 மில்லிமீட்டர் உயரும் சரிவு என்று வைத்துக்கொள்வோம். நட்டு ஒரு சுற்றுக்கு 1 மில்லிமீட்டர் நகரட்டும். அப்படியானால் பிளேடு 0.025 மில்லிமீட்டர் உயரும். இரண்டு பக்கமும் சேர்த்தால் ரீமர் 0.05 மில்லிமீட்டர் பருக்கும்.

நட்டைக் கால் சுற்று மட்டும் திருகினால்? 0.0125 மில்லிமீட்டர். தலைமயிரின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான்! கையில் ஒரு ஸ்பானர் இருந்தால் இவ்வளவு நுட்பம் வந்துவிடுகிறது.

சிறிய ரீமர் ஒன்று இப்படி ஒன்றரை மில்லிமீட்டர் வரை பருக்கும். பெரியது 3, 4 மில்லிமீட்டர் கூடப் பருக்கும்.

வடிவமைப்பவரின் மூளை

கேட்க எளிது, செய்வது கடினம். இதை வடிவமைப்பவர் பல விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

பள்ளத்தின் சரிவும் பிளேடின் அடிப்பக்கச் சரிவும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்த வேண்டும். இல்லாவிட்டால் பிளேடு ஏற ஏற அதன் விளிம்பு சாய்ந்துவிடும். துளை ஒரு பக்கம் அகன்று, மறுபக்கம் ஒடுங்கிப்போகும்.

பிளேடுகளின் இடைவெளியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எல்லா இடைவெளியும் சமமாக இருப்பதுதானே அழகு? அங்கேதான் வம்பு! ஒரு பல் விட்டுப்போன தழும்பில் அடுத்த பல் சரியாக வந்து விழும். ரீமர் கடகடவென்று அதிரும். துளையின் சுவரில் வரிவரியாகத் தழும்பு விழும். ஆகவே இடைவெளிகளை வேண்டுமென்றே சிறிது முன்பின்னாக வைப்பதுண்டு.

உடம்பு ஒருவகை எஃகு. பிளேடு மற்றொரு வகை. உடம்புக்கு முறுக்கைத் தாங்கும் உறுதி வேண்டும். பிளேடுக்குக் கூர் மழுங்காத கடினம் வேண்டும். விலை உயர்ந்த கடின எஃகு பிளேடுக்கு மட்டும் போதும். தேய்ந்தால் புதுப் பிளேடுகள் போட்டுக்கொள்ளலாம். உடம்பு பல காலம் உழைக்கும்.

கைப்பக்குவம்

நல்ல கருவி இருந்தாலும் கைப்பக்குவம் வேண்டும்.

ரீமரை ஒரே பக்கமாகத்தான், அதாவது கடிகார முள் சுற்றும் பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். வெளியே எடுக்கும்போதும் அதே பக்கம்தான். பின்னோக்கிச் சுற்றினால் உலோகத் தூள் பல்லுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். கூர் உடையும், துளையிலும் கீறல் விழும்.

ஆசைப்பட்டு ஒரே தடவையில் நிறையச் சீவக்கூடாது. கொஞ்சம் சீவி, பின்னைப் போட்டுப் பார்த்து, நட்டைச் சிறிது திருகி, மறுபடி சீவ வேண்டும். சீவியதைக் கூட்டலாம், குறைக்க முடியாது! துளை பெரிதாகிவிட்டால் அந்தப் புஷ் குப்பைக்குத்தான்.

பிளேடுகளைக் கழற்றினால், எது எந்தப் பள்ளத்தில் இருந்ததோ அதே பள்ளத்தில் திரும்ப மாட்ட வேண்டும். பள்ளத்தைத் துடைக்க வேண்டும். ஒரு பிளேடின் அடியில் ஒரு துளி இரும்புத் தூள் இருந்தாலும், அந்தப் பிளேடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ரீமர் துளையை அளவாக்கும், நேராக்காது. துளை கோணலாக இருந்தால் ரீமரும் கோணலாகவே போகும்.

கிங் பின்னுக்கு மேலும் கீழுமாக இரண்டு புஷ்கள் என்று பார்த்தோம். இரண்டு துளைகளும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். அதற்காக ரீமருக்கு நீண்ட வால் ஒன்று வைப்பார்கள். மேல் புஷ்சைச் சீவும்போது வாலைக் கீழ் புஷ் பிடித்துக்கொள்ளும். வில்கின்சன் தண்டின் இரண்டு முனைகளையும் தாங்கவைத்தாரே, அதே யோசனைதான்!

தொழிற்சாலையில்

பெரிய தொழிற்சாலைகளில் அளவுக்குச் சட்டம் உண்டு. 20 மில்லிமீட்டர் துளை என்றால், "எச்-7" என்ற தரத்தின்படி 20.000 முதல் 20.021 வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் தள்ளுபடி.

இதைச் சோதிக்க இரண்டு முனை உள்ள ஒரு கட்டை இருக்கிறது. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும். மறு முனை போகக்கூடாது. ஒன்று போய், மற்றொன்று நின்றால் துளை தேறியது. அளவு படிக்கத் தெரியாதவரும் சோதிக்கலாம்.

அங்கே ஒரே ஒரு பிளேடு கொண்ட ரீமர்களும் வேலை செய்கின்றன. ஒரு பிளேடு சீவும். எதிரே உள்ள கடினமான பட்டைகள் சுவரில் சாய்ந்து ரீமரைத் தாங்கும். அந்தப் பிளேடையும் சின்னத் திருகைக் கொண்டு மயிரிழையிலும் சிறிய அளவில் கூட்டிக் குறைக்கலாம்.

பட்டறையில் அவ்வளவு வசதி இல்லை. அங்கே பின்தான் அளவுகோல். எண்ணெய் தடவிய பின்னைத் துளையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துகிறார் மெக்கானிக். அது தடுக்காமலும் ஆடாமலும் மெல்ல இறங்கினால், பஸ் சாலைக்குப் போகலாம்.