பால்மாவுக்குப் பின்னால் ஒரு கழிவுநீர்

காலை நிகழ்ச்சிக்கு முன் பால் தேநீர் குடிக்காவிட்டால் எனக்குக் குரலே எழும்பாது. அதில் கலக்கும் பால்மா நியூசிலாந்திலிருந்து வருகிறது. அங்கே மக்கள் சுமார் 5 மில்லியன். கறவை மாடுகளும் கிட்டத்தட்ட அவ்வளவு!

பால் கறக்கும் கொட்டகையைக் கழுவிய நீரில் நைட்ரஜனும் பாஸ்பரசும் ஏராளம். அது ஏரியில் கலந்தால் பாசி பெருகி, மீன்களுக்கு மூச்சு முட்டும். பெரும்பாலான பண்ணைகள் அந்நீரைக் குளத்தில் தேக்கிப் புல்வெளிக்கே பாய்ச்சுகின்றன. மழையில் ஊறிய நிலம் அதைக் குடிக்குமா? ஆற்றுக்குத்தான் ஓடும்.

இன்னொரு வழி, மெக்னீசியம் சேர்ப்பது. பாஸ்பரசும் அம்மோனியாவும் அதனுடன் சேர்ந்து ‘ஸ்ட்ரூவைட்’ என்ற படிகமாகப் படியும். மெதுவாகக் கரையும் நல்ல உரம் அது. ஆனால், மாட்டுச் சாணத்தில் உள்ள கால்சியம் பாஸ்பரசை இறுகப் பிடித்துக்கொள்கிறது. முதலில் அமிலம் ஊற்றிப் பிரிக்க வேண்டும். அதற்குக் காசு வேண்டுமே!

பால்மா விலையில் அது சில சென் ஏறினால், நான் கொடுப்பேன். நீங்கள்?