வீடு நிறைய ஆள் இருந்தும்

“அம்மா, பாட்டி, சித்தி என்று வீட்டில் நாலு பேர் இருக்கிறோம். வேளாவேளைக்குப் பத்தியச் சாப்பாடு வருகிறது. குழந்தையைக் குளிப்பாட்டவும் ஆள் உண்டு. அப்புறம் ஏன் இவள் இப்படி இருக்கிறாள்?” பிரசவமான வீடுகளில் இந்தக் கேள்வியை நாம் கேட்டிருப்போம். கேட்பவர்கள் அன்பில்லாதவர்கள் அல்ல. ஆள் இருந்தால் போதும், ஆதரவு தானாக வந்துவிடும் என்று நம்புகிறோம். டீயை ஆற்றிக்கொண்டே அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

பிரசவமான சில நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. ஹார்மோன்கள் சட்டென்று இறங்குவதும் தூக்கம் கெடுவதும் சேர்ந்து செய்யும் வேலை அது. இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அதைத் தாண்டியும் துயரம் நீடித்தால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். எந்தத் தாய்க்கும் அது வரலாம். ஆனால் அடி, பாலியல் தொல்லை, குடித்துவிட்டு வரும் அப்பாவின் ரகளை, புறக்கணிப்பு இவற்றுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

ஏன் அப்படி? திருடன் ஒருமுறை புகுந்த வீட்டின் நாய், அப்புறம் பால்காரர் வந்தாலும் குரைக்கும். பயத்தில் வளர்ந்த பிள்ளையின் மூளையும் அப்படித்தான் காவலுக்குப் பழகிவிடுகிறது. பல வருஷம் கழித்து, நடுராத்திரியில் தன் குழந்தை வீறிட்டு அழும்போது அவளுக்கு நெஞ்சு படபடக்கிறது, கை சில்லிட்டுப்போகிறது. சிலருக்கு நேர்மாறாக எதுவுமே உறைக்காது. குழந்தை அழுதுகொண்டே இருக்கும், அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். ‘திமிர்’, ‘பாசமில்லை’ என்பார்கள். இரண்டும் இல்லை. தாங்க முடியாததைத் தாங்க, சின்ன வயதிலேயே உடம்பு பழகிக்கொண்ட வழி அது.

இப்போது தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்பும் நம் வழக்கத்துக்கு வருவோம். நல்ல வழக்கம்தான், எத்தனையோ பெண்களைத் தாங்கியிருக்கிறது. ஆனால் அவளுக்குத் தீங்கு நடந்ததே அந்த வீட்டில்தான் என்றால்? குழந்தையைப் பார்க்க உரிமையோடு அறைக்குள் நுழையும் உறவினரே அன்று அவளிடம் அத்துமீறியவர் என்றால்? அதைச் சொன்னபோது “வாயை மூடு” என்ற அம்மாதான் இன்று லேகியம் உருட்டித் தருகிறார். லேகியத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த வீட்டில் அவளால் கண்ணயர முடியவில்லை.

எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட, மனம்விட்டுப் பேச ஒருவர் இருக்கிறாரா என்பதே முக்கியம். லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் 1978இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அதன்படி, 11 வயதுக்குள் தாயை இழந்த பெண்கள், பின்னாளில் பெரிய கஷ்டம் வரும்போது எளிதில் மனச்சோர்வில் விழுந்தார்கள். கணவனிடம் மனம்விட்டுப் பேச முடிந்த பெண்கள், கஷ்டம் வந்தும் அவ்வளவு எளிதில் விழவில்லை.

‘எனக்கு நடந்ததை என் பிள்ளைக்கு நானே செய்துவிடுவேனோ’ என்ற பயமும் இந்தத் தாய்மாரை அரிக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டாவில் பைரன் எகலண்ட் குழுவினர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. சிறுவயதில் வதைபட்டும் தம் பிள்ளையை வதைக்காத தாய்மாரை, அப்படி வதைபட்டுத் தம் பிள்ளையையும் வதைத்தவர்களோடு ஒப்பிட்டார்கள். அன்று அன்பு காட்டிய ஒரு பெரியவர், எப்போதாவது கிடைத்த மனநல சிகிச்சை, இப்போது தாங்குகிற துணைவர் என்று மூன்று வித்தியாசங்கள் தெரிந்தன. முதலாவதை இனி நம்மால் கொடுக்க முடியாது. மற்ற இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

ஆகவே அவளையே கேட்போம்: இரவில் பக்கத்தில் யார் படுக்க வேண்டும், யார் அறைக்குள் வரக் கூடாது. காரணம் கேட்க வேண்டாம். பழைய கதையைத் தோண்டவும் வேண்டாம். அவள் ஒரு பெயரைச் சொன்னால், உறவு கெட்டாலும் பரவாயில்லை, அந்த ஆளை வாசலோடு அனுப்புங்கள். கணவர் மாமியார் வீட்டில் கூச்சப்படாமல் தங்கி, பால் குடித்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டால் அவள் கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் தூங்குவாள்.

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய, 1987இல் வந்த எடின்பரோ வினாத்தாளை மருத்துவமனைகளில் பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 10 கேள்விகள். அவளைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும். சுற்றி உறவினர் நின்றால் உண்மை வராது. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது கடைசிக் கேள்வி. வந்தது என்றாலோ, குழந்தையை ஏதாவது செய்துவிடத் தோன்றுகிறது என்றாலோ, அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், அதுவரை தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம்.