கொல்லன் பட்டறைக்கு வேலை இன்னும் உண்டு

கும்மிடிப்பூண்டியில் இரும்புக்குப் பஞ்சமில்லை. சிப்காட் தொழிற்பேட்டையைச் சேர்ந்த உலைகள் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக உருட்டித் தள்ளுகின்றன. ஆனால் பக்கத்துக் கிராமத்து விவசாயியின் களைக்கொத்து மழுங்கிவிட்டால் அந்த உலைகளால் அவருக்குப் பயனில்லை. அதற்குக் கொல்லர்தான் வேண்டும்.

முன்பெல்லாம் கணக்கு எளிது. ஆண்டு முழுவதும் கொழு அடித்து, அரிவாளுக்குக் கருக்கு வெட்டிக் கொடுப்பார் கொல்லர். அறுவடை முடிந்ததும் களத்திலேயே அவருக்கு நெல் அளந்துவிடுவார்கள். டிராக்டர் வந்தது, கொழு போயிற்று. அறுவடை இயந்திரம் வந்தபின் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டத்துக்குப் பட்டம் வந்த அரிவாள் வேலையும் குறைந்தது. களத்து நெல் நின்றது. பட்டறைக்காரரின் மகன் தொழிற்சாலைக்குப் போனதில் வியப்பென்ன?

என்றாலும் இயந்திரம் இறங்காத சேற்று வயலும், வரப்பு வேலையும், கடலைக்குக் களையெடுப்பும் இன்னும் இருக்கின்றன. கருவி வாங்கும்போது எந்த இரும்பு என்று கேட்டு வாங்க வேண்டும். லாரியின் பழைய கமான் பட்டையில் கரிச்சத்து 0.5 சதவீதத்துக்கு மேல் உண்டு. கட்டடக் கம்பியில் சுமார் அதில் பாதிதான். கம்பியில் அடித்த அரிவாள் பளபளப்பாக இருக்கும், கூர் நிற்காது.

கமான் பட்டையைச் செக்கச்செவேலென்று காய்ச்சித் தோய்த்தால் இறுகும். அத்துடன் விட்டால் கல்லில் பட்டதும் வாய் சில்லுப் போய்விடும். மறுபடி இளஞ்சூடு காட்டி, தேய்த்த இடத்தில் மஞ்சள் ஓடிப் பழுப்பாகும்போது நிறுத்த வேண்டும். அது ஏறத்தாழ 230 முதல் 260 டிகிரி. கொல்லருக்குக் கண்தான் வெப்பமானி. பட்டறையை இருட்டாக வைத்திருப்பதும் நிறம் தெரியத்தான்.

நகரத்து மின்சாணையில் அவசரமாகத் தீட்டினால் வாய் நீலம் பாரித்துவிடும். அந்த இடத்தில் இறுக்கம் போய்விட்டது என்று பொருள். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் ஒரு நாள் கூர்தான். கருக்கரிவாளை அங்கே கொடுக்கவே கூடாது. பல் தேய்ந்து போகும்.

ஒரே ஒரு கொத்துக்காக உலை மூட்டுவது கொல்லருக்குக் கட்டுப்படியாகாது. நான்கைந்து வீட்டுக் கருவிகளைச் சேர்த்து ஒரே நாளில் கொண்டுபோனால் கரிச் செலவு பகிர்ந்துபோகும், கூலியும் குறையும். சம்பா நாற்று விடுமுன் இதை முடித்துக்கொள்வது நல்லது.