பதினான்காயிரம் கண்களும் ஒரு சீமாட்டியும்

கண்ணாடியை உருக்கி ஒரே ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டால், அது தலைப்பிரட்டை வடிவில் உறைந்துபோகும். உருண்ட தலை, மெலிந்து நீளும் வால். தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வால் நுனியைக் கிள்ளினால் போதும், மொத்தத் துளியும் வெடித்துப் பொடிப்பொடியாகிவிடும். பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் படித்தவர்களின் மூளையைக் குடைந்த புதிர் இது. 1657ஆம் ஆண்டு டச்சுக் கவிஞரும் ராஜதந்திரியுமான கான்ஸ்டன்டைன் ஹைகன்ஸ், இதற்கு என்ன காரணம் இருக்க முடியும் என்று ஆன்ட்வெர்ப் நகரில் இருந்த ஓர் ஆங்கிலப் பெண்ணிடம் கேட்டார். அவர் பெயர் மார்கரெட் கேவண்டிஷ். துளியின் உள்ளே ஏதோ ஒரு திரவம் அடைபட்டிருக்கிறது, வால் உடைந்ததும் அது சீறி வெளியேறுகிறது என்று மார்கரெட் பதில் எழுதினார்.

பதில் தவறு. ஆனால் முட்டாள்தனமானது அல்ல. அந்தத் துளியைப் பழுக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் வெடிக்கும் குணம் போய்விடும். காரணம் திரவத்தில் இல்லை, கண்ணாடி குளிர்ந்த விதத்தில் இருக்கிறது. நீரில் விழுந்த கணமே துளியின் மேற்பரப்பு இறுகிவிடுகிறது. உள்ளே இன்னும் கொதிக்கும் கண்ணாடி பிறகுதான் ஆறிச் சுருங்கப் பார்க்கிறது. இறுகிய ஓடு விடுவதில்லை. ஆக உட்புறம் நிரந்தரமான இழுவிசையிலும், மேற்புறம் நிரந்தரமான அழுத்தத்திலும் மாட்டிக்கொள்கின்றன. விரிசல் வளர வேண்டுமானால் இழுவிசை வேண்டும். மேற்புறமோ தன்னைத்தானே நெருக்கிக்கொண்டிருப்பதால் சுத்தியல் அடியில் பிறக்கும் விரிசல் அங்கேயே மூடிக்கொள்கிறது. வாலை ஒடிக்கும்போது விரிசல் நேராக உட்புறத்துக்குள் நுழைந்துவிடுகிறது. பிறகு அது நொடிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஓடும். காரின் பக்கவாட்டுக் கண்ணாடி உடையும்போது கூரிய சில்லுகளாகாமல் சிறு மணிகளாக உதிர்வதற்கும் இதே தத்துவம்தான் காரணம்.

1623இல் இங்கிலாந்தின் கோல்செஸ்டரில், எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் மார்கரெட். உள்நாட்டுப் போர் வந்தது. அரசி ஹென்றியெட்டா மரியாவின் தோழியாக அரண்மனையில் சேர்ந்தார். அரசியோடு பாரிஸுக்குத் தப்பிச் சென்றார். அங்கே தன்னைவிட முப்பது வயது மூத்தவரும், போரில் மன்னருக்காகப் படை நடத்தித் தோற்றவருமான வில்லியம் கேவண்டிஷை 1645இல் மணந்தார். ஆன்ட்வெர்ப்பில் அவர்கள் குடியிருந்தது ஓவியர் ரூபன்ஸின் பழைய வீட்டில். கணவரும் கொழுந்தன் சார்லஸும் கணிதத்திலும் தொலைநோக்கிகளிலும் ஈடுபாடு கொண்டவர்கள். தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் பாரிஸில் அவர்கள் வீட்டுக்கு வந்துபோனவர். பல்கலைக்கழகத்தின் வாசற்படி மிதிக்க அனுமதி இல்லாத ஒரு பெண்ணுக்கு அறிவியல் வந்து சேர்ந்த வழி இதுதான், சாப்பாட்டு மேசைப் பேச்சு.

1651இல், கணவரின் பறிமுதலான சொத்தில் தனக்கு உரிய பங்கைக் கேட்டு லண்டன் போனார். கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் அந்த லண்டன் வாசத்தில் எழுதிய கவிதைகளை 1653இல் அச்சிட்டார். அதில் ஒரு பகுதி முழுக்க அணுக்களைப் பற்றியது: நிலத்தின் அணு சதுரம், நீரின் அணு உருண்டை, காற்றின் அணு நீளம், நெருப்பின் அணு கூர்மை. ஒரு பெண்ணின் காதணிக்குள் ஒரு முழு உலகமே சுழன்றுகொண்டிருக்கலாம், அதை அணிந்தவளுக்கே தெரியாமல் போகலாம் என்றும் ஒரு கவிதை. பிற்பாடு இந்த அணுக்கொள்கையை அவரே உதறிவிட்டார். ஒவ்வொரு துகளும் தன்னிஷ்டப்படி ஓடினால் இயற்கையில் ஒழுங்கு எப்படி வரும் என்பது அவர் கேள்வி. பொருள் என்பது தானே இயங்கும், தானே அறியும் ஒரே முழுமை என்ற முடிவுக்கு வந்தார்.

அந்தக் காலத்தில் ஆங்கிலப் பெண்கள் எழுதி அச்சேறியவை பெரும்பாலும் பக்தி நூல்கள், சமையல், கைமருத்துவம், சில கவிதைகள், மொழிபெயர்ப்புகள். பலர் பெயர் போடவில்லை. 1621இல் மேரி ரோத் தன் பெயரில் ஒரு நீண்ட காதல் கதையை வெளியிட்டபோது, அதில் தன் குடும்பத்தைப் பழித்துவிட்டார் என்று ஒரு பிரபு கொதித்தெழுந்தார். பெண்ணுக்கு எதற்கு இந்த வேலை என்று வசைக்கவிதையே எழுதினார். மார்கரெட்டோ அட்டையில் பெயர், பட்டம், உள்ளே தன் உருவப்படம் எல்லாம் போட்டுக்கொண்டார். எழுதியது கணவராகத்தான் இருக்கும் என்று ஊர் பேசியது. 1655இல் வந்த தத்துவ நூலில், எழுதியது என் மனைவிதான் என்று கணவர் ஒரு முன்னுரை எழுத வேண்டியதாயிற்று. அதே நூலை ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களுக்கு மார்கரெட் சமர்ப்பித்தார். கல்லூரி நூலகங்களுக்குத் தன் புத்தகங்களைத் தாமே அனுப்பிவைத்தார். அச்சுப் பிழைகளைக் கையால் திருத்திய பிரதிகள் இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. தன்னை உள்ளே விடாத இடத்துக்குள் புத்தகத்தை அனுப்புவது நல்ல தந்திரம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவரை இன்றைக்கும் படிக்கவைப்பது நுண்ணோக்கி பற்றிய வழக்குதான். 1665இல் ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கின் ‘மைக்ரோகிராஃபியா’ என்ற நுண்ணோக்கி நூல் வெளிவந்தது. மடித்து வைத்த பெரிய தாள்களில் தெள்ளுப்பூச்சி, பேன். கூடவே ஊசிமுனை, சவரக்கத்தியின் விளிம்பு. லண்டனே வாயைப் பிளந்தது. ஒருவகை ஈயின் கண்களில் ஏறக்குறைய 14,000 சிறு முத்துகளைக் கணக்கிட்டு, ஒவ்வொன்றும் ஒரு கண் என்றார் ஹூக். மறு ஆண்டே மார்கரெட் மறுப்பு நூல் கொண்டுவந்தார். மற்ற உயிர்களுக்கு இரண்டு கண் போதும்போது ஈக்கு மட்டும் எதற்கு இத்தனை ஆயிரம்? அவை நீர்க்கொப்புளங்களாக ஏன் இருக்கக்கூடாது? கத்தி விளிம்பு ரம்பம்போலத் தெரிந்தால் அது கத்தியின் குணமா, வளைந்த கண்ணாடியின் குணமா? பேனைச் சிங்கி இறால்போலப் பெரிதாக்கிக் காட்டுவதால், பேன் கடிக்கு ஆளான பிச்சைக்காரனுக்கு என்ன லாபம்?

ஈ விஷயத்தில் அவர் தோற்றார். வீட்டு ஈயின் ஒவ்வொரு கண்ணிலும் ஏறக்குறைய 3,000 முதல் 4,000 வரை வில்லைகள் இருப்பது இன்று பாடப்புத்தகச் செய்தி. பேன் கடிக்கு மருந்து கிடைக்காவிட்டாலும் நுண்ணோக்கி பின்னாளில் கிருமிகளைக் காட்டியது. பயனில்லை என்ற வாதமும் நிற்கவில்லை. ஆனால் கருவி பொய் சொல்லலாம் என்ற சந்தேகம் முழுக்க நியாயமானது. ஒற்றை வில்லை வெவ்வேறு நிற ஒளியை வெவ்வேறு அளவில் வளைக்கும். எனவே அக்காலத்து நுண்ணோக்கியில் பார்த்த பொருளைச் சுற்றி நிறக்கரை கட்டும், ஓரங்கள் மங்கும். இந்தக் குறைகளைச் சேர்ந்தாற்போல் தீர்க்கும் வழியை ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் வெளியிட்டது 1830இல். இன்னொன்று, ஹூக்கே இதை ஒப்புக்கொண்டவர். அதே ஈயின் கண் ஒரு வெளிச்சத்தில் ஓட்டைகள் நிறைந்த சல்லடைபோலவும், இன்னொரு வெளிச்சத்தில் தங்க ஆணிகள் அடித்ததுபோலவும், மற்றொன்றில் கூர்ங்கோபுரங்கள்போலவும் தெரிவதாகத் தன் நூலிலேயே எழுதியிருக்கிறார். மேடு எது, பள்ளம் எது, நிழல் எது, கறை எது என்று பிரித்தறிவது கடினம் என்றும் சொல்கிறார். இருவருக்கும் தெரிந்த சிக்கல் ஒன்றுதான். பல வெளிச்சங்களில் பார்த்துப் பார்த்து உண்மை உருவத்தை ஊகிக்கலாம் என்றார் ஹூக். கண்ணாடியை விட்டுவிட்டுப் புத்தியை நம்பு என்றார் மார்கரெட். ஹூக்கின் வழியே வென்றது. வென்றதில் நியாயமும் இருக்கிறது.

அந்த மறுப்பு நூலோடு ஒரே கட்டில் ஒரு கதையையும் சேர்த்துத் தைத்தார்: ‘சுடர்விடும் உலகம்’. கடத்தப்பட்ட ஓர் இளம்பெண் வடதுருவம் வழியாக, நம் உலகத்தோடு துருவத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வேறோர் உலகத்துக்குப் போய்ப் பேரரசி ஆகிறாள். அங்கே கரடி மனிதர்கள் சோதனை விஞ்ஞானிகள், பறவை மனிதர்கள் வானியலாளர்கள், குரங்கு மனிதர்கள் ரசவாதிகள். தொலைநோக்கியில் பார்த்துவிட்டுக் கரடிகள் ஆளுக்கொன்று சொல்லிச் சண்டை பிடிக்க, எல்லாவற்றையும் உடைத்துப்போடுங்கள் என்கிறாள் பேரரசி. வேண்டாம், வாதம் செய்வதில்தான் எங்களுக்கு இன்பமே என்று மண்டியிட்டுக் கெஞ்சுகின்றன கரடிகள். பேரரசி மனமிரங்குகிறாள். யாரைக் கிண்டல் செய்கிறார் என்று லண்டன் வாசகருக்குச் சொல்லவே வேண்டியதில்லை. அறிவியல் புனைகதையின் முன்னோடிகளில் ஒன்றாக இந்தக் கதையை இன்று வைக்கிறார்கள்.

1667 மே 30ஆம் தேதி மார்கரெட் அந்தக் கரடிகளின் குகைக்கே போனார். நெருப்பில் லண்டன் எரிந்த மறு ஆண்டு அது. சோதனை விஞ்ஞானிகளின் சங்கமான ராயல் சொசைட்டி அப்போது லண்டனின் அரண்டெல் மாளிகையில் கூடிக்கொண்டிருந்தது. மார்கரெட்டை அழைக்கலாமா என்று உறுப்பினர்களிடையே வாக்குவாதம் நடந்த பிறகே அனுமதி கிடைத்தது. விஞ்ஞானி ராபர்ட் பாயிலும் ஹூக்கும் ஏற்பாடு செய்த சோதனைகள் வரிசையாக நடந்தன: காற்றை எடைபோட்டார்கள், இரண்டு குளிர்ந்த திரவங்களைக் கலந்து சூடேற்றினார்கள், ஆட்டிறைச்சியை அமிலத்தில் கரைத்தார்கள், காந்தக்கல்லையும் நுண்ணோக்கியையும் காட்டினார்கள். கூட்டத்தில் இருந்த சாமுவேல் பீப்ஸ் அன்றிரவு நாட்குறிப்பில் எழுதியது மார்கரெட்டின் விசித்திரமான உடையைப் பற்றி. கேட்கத் தகுந்ததாக அந்தம்மாள் எதுவும் பேசவில்லை, வியந்து வியந்து நின்றார் என்றும் குறித்துவைத்தார். எனக்கு இது பீப்ஸின் குறையாகவே படுகிறது. ஹூக்கின் நூலைப் பக்கம் பக்கமாக மறுத்து அச்சிட்டிருந்தவர் அந்த அறையில் நின்றிருந்தார். அதைப் பற்றி நாட்குறிப்பில் ஒரு சொல்கூட இல்லை.

ஆறே ஆண்டுகளில், 1673 டிசம்பரில் மார்கரெட் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் உள்ள அவர் கல்லறைச் சிலையின் கையில் விரித்த புத்தகமும் மைக்கூடும் உண்டு. அவருக்குப் பின் 1688இல் ஆங்கில எழுத்தாளர் அஃப்ரா பென், கோள்களில் உயிர்கள் வாழலாம் என்று பேசும் ஃபாண்டனெல்லின் பிரெஞ்சு நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். அதன் முன்னுரையிலேயே மூல ஆசிரியரைக் குறைசொல்லவும் தயங்கவில்லை. 1902இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராக இயற்பியலாளர் ஹெர்த்தா அயர்ட்டனின் பெயர் முன்மொழியப்பட்டது; மணமான பெண்ணுக்குச் சட்டத்தில் தனி நிலை இல்லை என்று நிராகரித்தார்கள். முதல் பெண் உறுப்பினர்களாகப் படிகவியலாளர் கேத்லீன் லான்ஸ்டேலும் உயிர்வேதியியலாளர் மார்ஜரி ஸ்டீஃபன்சனும் தேர்வானது 1945இல், மார்கரெட் வந்துபோய் 278 ஆண்டுகள் கழித்து.

‘சுடர்விடும் உலகம்’ பதிப்புரிமை கடந்த நூல், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பழைய ஆங்கிலம்தான், வாக்கியங்கள் நீளம். கரடிகள் தொலைநோக்கிக்காகக் கெஞ்சும் இடத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.